மணியடிச்சா சோறு

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குத் தலைப்பைப் பார்த்ததும் வேறு ஞாபகம் வரும். இது நம் மெஸ்ஸைப் பற்றியது இல்லை நண்பர்களே. ஒரு ராஜாவின் மதியச் சாப்பாட்டைப் பற்றியது.

ராஜா, மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகே நாயக்கர் சாப்பிடுவாராம். அவர் இருப்பதோ மதுரையில். ரோடு வழியாக எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். பூஜை முடிந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக வழிநெடுக மண்டபங்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் நகரா முரசும் மணியும் வைத்து ஆட்களைப் போட்டார். கோயிலில் மணி அடித்ததும் முதல் மண்டபத்துக்காரர் முரசை அடிப்பார், அதைக் கேட்டு அடுத்தவர், அதைக் கேட்டு அதற்கடுத்தவர். சத்தம் மதுரை அரண்மனைக்கு வந்து சேர்ந்ததும் இலை போடுவார்கள். நகரா மண்டபம் என்று பெயர்.

கதைக்கு இன்னொரு வடிவமும் உண்டு. நாயக்கருக்குத் தீராத வயிற்று வலி, ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் வேண்டிக்கொண்டதும் சரியாகிவிட்டது, அந்த நன்றிக்காக அந்தக் கோயில் பூஜை முடிந்த பிறகே சாப்பிட்டார் என்று. சைவர்கள் ஒரு கதை, வைணவர்கள் ஒரு கதை. சாப்பாடு மட்டும் பொது :-)

எனக்கு இதில் முதலில் வந்த சந்தேகம் பக்தியைப் பற்றியது இல்லை, பிசிக்ஸைப் பற்றியது. ஒரு முரசுச் சத்தம் வெட்டவெளியில் இரண்டு கிலோமீட்டர் கேட்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சுமார் 37 மண்டபங்கள் வேண்டும். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், ஆக 75 கிலோமீட்டருக்கு 220 நொடி. ஒவ்வொரு ஆளும் கேட்டுச் சுதாரித்துக் குச்சியை எடுத்து அடிக்க ஐந்து நொடி கொடுத்தால் இன்னொரு 185 நொடி. மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் செய்தி மதுரையில்! குதிரையில் போனால் அரை நாளுக்கு மேல் ஆகும். 37 பேரில் ஒருவர் கண்ணயர்ந்தால் ராஜா பட்டினி, அது வேறு விஷயம்.

பிரான்சில் கிளாட் ஷாப் என்பவர் மலை மேலும் கோபுரங்கள் மேலும் கைகாட்டி மரம் மாதிரி அமைத்து, பாரிசுக்கும் லீல் நகரத்துக்கும் இடையே தகவல் அனுப்பத் தொடங்கியது 1794இல். தந்தியின் முன்னோடி என்று அதைப் பெருமையாகப் படிக்கிறோம். நம்முடைய ஏற்பாட்டுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இதே கதையைக் கட்டபொம்மனுக்கும் திருச்செந்தூர் முருகனுக்கும் வைத்துச் சொல்கிறார்கள். ஒரே கதை இரண்டு ராஜாக்களுக்கு ஓடும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஆனால் கதை எப்படியோ, மண்டபம் பொய் இல்லை. மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் வழியாக வரும் பாதையில் சில இன்றும் நிற்கின்றன. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை விரித்து வைத்திருந்தால் பார்க்கலாம். சின்னக் கல் மண்டபம், நாலைந்து ஆடு, மேலே ஆலஞ்செடி முளைத்திருக்கும்.

சரி, ஊருக்குள் போவோம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் முதலில் கண்ணில் படுவது வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம். 11 நிலை, 192 அடி. பெரியாழ்வார் பாண்டியன் சபையில் வாதம் செய்து வென்ற பொற்கிழியைக் கொண்டு கட்டியது என்பது ஊர் நம்பிக்கை. இன்று நாம் பார்க்கும் கோபுரத்தின் அமைப்பு ஆழ்வார் காலத்தது இல்லை, அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது. மதுரைக் கோபுரங்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் ஒரு வித்தியாசம் சட்டென்று தெரியும். மதுரையில் இண்டு இடுக்கெல்லாம் சுதைப் பொம்மை, வண்ணம். இங்கே அந்தக் கூட்டமே கிடையாது. வெறும் உருவத்தாலேயே நிற்கிற கோபுரம். எனக்கு இதுதான் பிடிக்கும்.

தமிழக அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பொது அறிவுப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். முத்திரை 1949இல் வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பிரதமராக இருந்தபோது (அப்போது சென்னை மாகாண முதல்வருக்குப் பிரதமர் என்றுதான் பெயர்) எடுத்த முயற்சி அது. ரசிகமணி டி.கே.சி. கொடுத்த யோசனை என்பார்கள். ஆனால் வரைந்தவர் மதுரைக்காரரான ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ். தான் வரைந்தது மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்! இந்தத் தகவலை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இருந்த ஒரே பெருமையை மதுரைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போவதா? இருக்கிற பெருமை எல்லாம் போதாதா அவர்களுக்கு?

கோபம் தணிந்து யோசித்தால், வரைந்தவர் சொல்வதை விட்டுவிட்டு கைடு புத்தகத்தை நம்புவது வரலாறு ஆகாது. நான் கிருஷ்ணா ராவ் கட்சி. ஆனாலும் ஒரு மாநிலமே எழுபது வருடமாக அந்தப் படத்தைப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூரை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு வரலாற்று நிகழ்வுதானே. (சமாதானம் சொல்லிக்கொள்கிறேன், புரிகிறது.)

கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் பாதி ஊரை விட்டுவிடுகிறார்கள். வடபத்ரசாயி கோயிலில் படியேறிப் போனால் கோபால விலாசம் என்ற மண்டபம். அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை முழுக்கத் தேக்கு மரத்தில் தசாவதாரம், கருடன் என்று செதுக்கி வைத்திருக்கிறார்கள். கல்லைப் பற்றி எழுதுகிற அளவுக்கு யாரும் மரத்தைப் பற்றி எழுதுவதில்லை. ஆண்டாள் சன்னதிப் பக்கம் வந்தால் நாயக்கர் பாணித் தூண்கள், ஆளுயரச் சிலைகளோடு. வீரபத்திரர், கர்ணன், அர்ஜுனன், ரதி, மன்மதன். கிருஷ்ணாபுரம், தென்காசி, நெல்லையப்பர் கோயில் என்று இந்தத் தூண் வரிசை தெற்கே நீண்டுகொண்டே போகும். ஒரே ஆட்சி, ஒரே சிற்ப மரபு, ஊர் ஊராகப் போயிருக்கிறது.

இரண்டு கோயிலுக்கும் நடுவில் நந்தவனம். துளசிச் செடிக்குக் கீழே ஆண்டாள் கிடைத்த இடம் என்பார்கள். அவள் மாலையைப் போட்டு அழகு பார்த்த கண்ணாடிக் கிணறும் இருக்கிறது. எட்டிப் பார்க்காதவர்கள் கிடையாது, நான் உள்பட.

நான் அதிக நேரம் நின்றது கிளியைப் பார்த்துத்தான். ஆண்டாள் கையில் இருக்கும் கிளி கல்லும் இல்லை, தங்கமும் இல்லை. தினமும் புதிதாக இலையிலும் பூவிலும் கட்டுகிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, சிறகுக்கு மரவள்ளி இலை, நந்தியாவட்டைப் பூ. மறுநாள் வேறு கிளி. கலை என்றால் காலத்தை வென்று நிற்க வேண்டும் என்று சொல்வார்களே, இது ஒரு நாள்தான் நிற்கும். ஆனால் கட்டுகிற விரலின் வித்தை அழியாமல் வந்திருக்கிறது. மாலையும் அப்படித்தான். ஆண்டாள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது, சித்திரையில் கள்ளழகருக்குப் போகிறது.

இனி சாப்பாடு. ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் அழகர்மலைப் பெருமாளிடம் ஒரு வேண்டுதல் வைத்தாள். கண்ணன் கிடைத்தால் நூறு அண்டா வெண்ணெயும், நூறு அண்டா நெய் வழியும் அக்காரவடிசிலும் படைக்கிறேன் என்று. அவளால் அதைச் செய்ய முடியவில்லை. பல தலைமுறைக்குப் பிறகு ராமானுஜர் அந்தப் பாசுரத்தைப் படித்துவிட்டு, அழகர்கோவிலுக்குப் போய் அத்தனை அண்டாவையும் படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். தங்கை வேண்டிக்கொண்டதை அண்ணன் முடித்தான் என்று ஆண்டாளே அவரை அண்ணா என்று கூப்பிட்டாள் என்பது ஐதீகம். மார்கழி 27, கூடாரவல்லி அன்று அக்காரவடிசில் செய்வது அதனால்தான். அரிசி, பால், வெல்லம், நெய். நட்சத்திர ஹோட்டல் மெனு கார்டில் இந்த அளவு கதையுள்ள ஒரு ஐட்டம் இருக்குமா?

பால்கோவாவுக்கு அப்படிப் புராணம் எதுவும் இல்லை. மலையடிவாரத்து மாட்டுப்பால், சீனி, விறகடுப்பு, நிறுத்தாமல் கிண்டுகிற கை, அவ்வளவுதான். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நியாயமான விஷயம். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் "ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா" என்று ஒட்டி எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

நாயக்கர் இங்கே ஒரு சின்ன அரண்மனையும் கட்டினார். மதுரை மகால் 1636. அந்த அளவு பிரம்மாண்டம் இதில் கிடையாது, ஆனால் அதே வளைவு, அதே தூண். சுவாரசியம் என்னவென்றால் இரண்டு அரண்மனைகளும் பின்னாளில் கோர்ட் ஆகின. மதுரை மகாலில் 1970 வரை ஜில்லா கோர்ட் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலிலும் வெகுகாலம் கோர்ட் நடந்தது. (விருதுநகர் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர்தான் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.) மகாலில் கோர்ட் வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. மதுரையில் நாயக்கர் கட்டியதில் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாத நாயக்கரே திருச்சிக்குப் பிரித்துக்கொண்டு போனார். மிஞ்சியதை 1860களில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்க்க வைத்ததற்கு அரசாங்கத்துக்கு அது தேவைப்பட்டதும் ஒரு காரணம். வழக்குக்கு வந்த குடியானவர்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்ததால் கூரைக்கு ஓடு மாற்றினார்கள். ஆளில்லாத கட்டடத்துக்கு யார் மாற்றுவார்கள்?

இந்த எண்ணத்தோடு ராஜபாளையம் பஸ் ஏறினால் அங்கேயும் இதே கதை. பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விஜயநகரப் படைகளோடு தெற்கே வந்த தெலுங்கு பேசும் ராஜுக்கள் குடியேறிய ஊர். கூடவே வந்தது என்று சொல்லப்படும் வெள்ளை நாய்க்கு 2005இல் தபால்தலையே வந்தது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ஆரம்பித்த மில்லுக்குப் பிறகு ஊரே பஞ்சும் நூலும் ஆகிவிட்டது. ஆனால் நான் பார்க்கப் போனது ஒரு வீட்டை.

பி.எஸ். குமாரசாமி ராஜாவின் வீடு. 1898இல் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்து, பாட்டியிடம் வளர்ந்தவர். 1949 ஏப்ரலில் ஓமந்தூராருக்கு அடுத்துப் பொறுப்புக்கு வந்தார். 1950இல் குடியரசு ஆனபோது பிரதமர் என்ற பெயர் போய் முதலமைச்சர் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயரில் முதலில் உட்கார்ந்தவர் இவர்தான். ஆக, முத்திரையில் இருப்பது எந்த ஊர்க் கோபுரமாக இருந்தாலும், அது வந்த ஆண்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்தது எங்கள் பக்கத்து ஆள்! 1952 தேர்தலில் தோற்றார். பிறகு ஒரிசா ஆளுநர். 1957இல் காலமானார். தான் வாழ்ந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். பெயரைக் கவனியுங்கள், நினைவகம் இல்லை, கலை மன்றம். அரண்மனை கோர்ட் ஆன மாதிரி முதலமைச்சர் வீடு மன்றம் ஆகியிருக்கிறது. இதற்கு யாரும் முரசு அடிக்கவில்லை.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் கறிக்குழம்பும் சுக்காவும். சீசன் என்றால் சப்பட்டை மாம்பழம் கேட்டு வாங்குங்கள். தட்டையாக இருக்கும், பார்க்க ஒன்றும் இல்லை, வாயில் போட்டால்தான் தெரியும்.

திரும்பும்போது மறுபடி நகரா மண்டபங்கள்தான் மனதில். இந்தப் பகுதியில் பயன்பாட்டில் இருந்த எல்லாம் ஏதோ ஒரு வழியில் தப்பித்திருக்கிறது. தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டு ஆடிப்பூரத்துக்கு இன்னும் இழுக்கிறார்கள். பழைய நாளில் அந்தத் தேர் நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகுமாம். இந்த மண்டபங்களுக்குத்தான் வேலை போய்விட்டது. ராஜா இல்லை, முரசு இல்லை, மணி பார்க்க எல்லார் கையிலும் செல்போன். ரோடு அகலமாகும்போது ஒரு சின்ன மண்டபத்துக்காக வாதாட யார் வருவார்கள்? குறைந்தபட்சம் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ஒரு கணக்காவது வேண்டாமா? நம் வகுப்பில் பைக் வைத்திருக்கும் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கினால் போட்டோவோடு முடித்துவிடலாம். என் கணக்குப்படி 37. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்துவிடுவோம், வருகிறவர்கள் சொல்லுங்கள்.

பெட்ரோல் அவரவர் செலவு. பால்கோவா என் செலவு. போன தடவை வாங்கிய அரை கிலோ திருமங்கலம் தாண்டும் முன்பே காலி.