கயத்தாற்றுக் கற்குவியல்

மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில், கோவில்பட்டியைத் தாண்டி வருகிற கயத்தாற்றிலே நிற்கும் வீரபாண்டிய கட்டபொம்மன் சிலையை அறியாதார் சிலரே. ஆயினும், நடிகர் சிவாஜி கணேசன் தம் சொந்தப் பொருளில் நிலம் வாங்கி 1970-இல் அச்சிலையைப் பிரதிஷ்டை செய்வதற்கு வெகுகாலம் முன்னரே, அவ்வூரில் அவ்வீரனுக்கு ஒரு ஞாபகச் சின்னம் எழுந்துவிட்டது என்பதையும், அதை எழுப்பியவர்கள் பெயரறியா வழிப்போக்கர்களே என்பதையும் எத்தனை பேர் அறிவார்கள்?

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த மேஜர் பானர்மேனின் பட்டாளம் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியபோது, வெறும் மண்ணால் எழுந்த அக்கோட்டை கும்பினியாரின் பீரங்கிகளுக்கு அன்று தலைவணங்கவில்லை. லெப்டினன்ட் காலின்ஸ் முதலானோர் மாண்டனர். பின்னர்க் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன் புதுக்கோட்டைத் தொண்டைமானின் சீமையில் பிடிபட்டான். அக்டோபர் 16-ஆம் தேதி, பாளையக்காரர் அனைவரும் கண்டு அஞ்சவேண்டும் என்னும் நோக்கத்துடன் அவர்களை வரவழைத்து நிறுத்தி, அவர்கள் முன்னிலையில் விசாரணை என்று ஒன்றை நடத்தி, அன்றே கயத்தாற்றில் அவனைத் தூக்கிலிட்டனர். அஞ்சாத நடையுடன் அவன் தூக்குமரத்தடிக்குச் சென்றதையும், வாய் பேசாத தன் தம்பியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டதையும், கோட்டையைக் காத்துநின்று அங்கேயே மடிந்திருக்கலாமே என்று வருந்தியதையும் நமக்கு எழுதி வைத்தவன் அவனைத் தூக்கிலிட்ட பானர்மேனே. பகைவன் கைப்பட்ட இச்சாட்சியத்தினும் மேலான புகழுரை வேறு வேண்டுமோ?

அத்தம்பி ஊமைத்துரை 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பிப் போராடி, அதே ஆண்டில் தூக்குமேடை ஏறினான். கோட்டையும் தரைமட்டமாக்கப்பட்டது.

சிலை வைக்கவோ கல்வெட்டுப் பொறிக்கவோ எவரும் துணியவியலாத அக்காலத்தில், கயத்தாற்று வழியே நடந்து சென்ற ஏழை எளியவர்கள், அவன் உயிர் நீத்த இடத்தில் ஆளுக்கொரு கல்லை இட்டு வணங்கிச் சென்றனர். பொடிக்கல்லும் பெருங்கல்லுமாகச் சேர்ந்து சேர்ந்து அது ஒரு குவியலாயிற்று. அச்சுறுத்துவதற்கென்று தேர்ந்த இடத்தையே குடிகள் வணக்கத்திற்குரிய ஸ்தலமாக மாற்றிவிட்டனர்.

1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை கட்டியது; கயத்தாற்றில் மணிமண்டபமும் பிற்காலத்தில் எழுந்தது. இவை யாவும் போற்றத்தக்கனவே. எனினும் முதல் மரியாதை அக்கற்குவியலுக்கே உரியது என்பது என் துணிபு. மாணவர்களை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், சிலையின் வரலாற்றுக்கு முன்னே அக்கற்களின் வரலாற்றைச் சொல்லுவார்களாக.