தராசு பிடிக்கும் கை

ஹேக் நகரிலே, அமைதி மாளிகை என்று அழகாகப் பெயர் சூட்டப்பட்ட கட்டடத்திலே, 1966 ஜூலைத் திங்கள் 18ஆம் நாள் ஒரு தீர்ப்புப் படிக்கப்பட்டது. தென்மேற்கு ஆப்பிரிக்கா — இன்றைய நமீபியா — முதல் உலகப் போருக்குப்பின் தென்னாப்பிரிக்காவின் பொறுப்பிலே விடப்பட்ட நாடு. அங்குள்ள மக்களின் நல்வாழ்வைப் பேணுவதாக வாக்களித்தவர்கள், பேணினார்களா? நிறவெறியைப் புகுத்தினார்கள்! கறுப்பனுக்கு ஒரு நீதி, வெள்ளையனுக்கு ஒரு நீதி. இதைத் தட்டிக்கேட்க எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960இல் உலக நீதிமன்றப் படியேறின. ஆறாண்டுக் காலம் வாதம் நடந்தது. கிடைத்த விடை என்ன தெரியுமா, தோழர்களே? வழக்காடுவதற்கான சட்ட உரிமை உங்களுக்கு இல்லை என்பது!

நீதிபதிகள் எழுவர் அப்படிச் சொன்னார்கள், எழுவர் மறுத்தார்கள். தலைவராக வீற்றிருந்த ஆஸ்திரேலியர் சர் பெர்சி ஸ்பெண்டர், தமது வாக்கோடு நில்லாமல், தலைவர் என்ற முறையிலே இரண்டாவது வாக்கையும் அளித்துத் தராசைச் சாய்த்தார். இதே நீதிமன்றம், இதே வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று 1962இல் எட்டுக்கு ஏழாகத் தீர்மானித்திருந்தது. இடையிலே சட்டம் மாறவில்லை, ஆட்கள் மாறினார்கள். எகிப்திய நீதிபதி 1965இல் மறைந்தார். பெரு நாட்டவர் நோயுற்றார். பாகிஸ்தானின் ஜாபருல்லா கான் அந்த வழக்கிலே அமரவில்லை. ஒரு மக்களினத்தின் தலைவிதி என்றார்களே, அந்த விதியை எழுதியது ஆண்டவனல்ல, நாற்காலியில் அமர்ந்தவர்களின் தலைக்கணக்கு!

அந்த நாற்காலிகளில் அமர்த்துவோர் யார்? அரசுகளே. நீதிமன்றச் சட்டம் சொல்வதென்னவோ உயர்ந்த பேச்சு: எந்த நாட்டவர் என்று பாராது, ஒழுக்கத்திலும் சட்டப் புலமையிலும் சிறந்தோரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். பெயர்களை முன்மொழிவதுகூட அரசுகளல்ல, ஒவ்வொரு நாட்டிலும் உள்ள சட்ட அறிஞர் குழு. ஆனால் வாக்களிப்பவர்கள் ஐ.நா. பொதுப்பேரவையிலும் பாதுகாப்புச் சபையிலும் அமர்ந்திருக்கும் அரசாங்கத் தூதுவர்கள். இரு மன்றங்களிலும் தனித்தனியே பெரும்பான்மை பெற்றவரே நீதிபதியாவார்; பதினைந்து இடங்களில் ஐந்துக்கு மூன்றாண்டுக்கொரு முறை தேர்தல். உன் ஆளுக்கு இங்கே நான் கைகொடுக்கிறேன், என் ஆளுக்கு வேறொரு குழுவிலே நீ கைகொடு என்ற பண்டமாற்று அங்கே வெளிப்படை. ஸ்பெண்டரே அந்நாட்டின் வெளிநாட்டமைச்சராகவும் அமெரிக்கத் தூதராகவும் இருந்துவிட்டு நீதிபதியானவர்தாம்.

நாட்டைப் பார்த்தே நீதிபதியின் நெஞ்சத்தை அளந்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1966இல் நீதியின் பக்கம் நின்று, மாறுபட்ட தீர்ப்பை மிகக் கடுமையாக எழுதியவர்களிலே ஒருவர் அமெரிக்கரான பிலிப் ஜெசப். சமத்துவம்பற்றி இன்றும் பேசப்படும் கருத்துரை ஜப்பானியரான டனாகாவினுடையது. எதிர்ப்பக்கத்திலோ போலந்துக்காரர் ஒருவரும் இருந்தார்!

ஆப்பிரிக்கர் அழுதுகொண்டிருக்கவில்லை. அதே ஆண்டு இறுதியில் தேர்தல் வந்தது. ஆஸ்திரேலியா நிறுத்திய வேட்பாளர் தோற்றார். 2015 வரை அந்நாட்டவர் எவரும் அங்கே நிலையான நீதிபதியாக அமரவில்லை. நைஜீரியரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் உள்ளே வந்தனர். 1971இல், தென்னாப்பிரிக்கா நமீபியாவில் இருப்பதே சட்டவிரோதம் என்று பதின்மூன்றுக்கு இரண்டாக அதே மன்றம் கருத்துரைத்தது. வேண்டிய தீர்ப்புக்காக ஆளைத் தேடுவது ஆபத்தல்லவா என்று கேட்பர் சிலர். ஆபத்துதான். ஆனால் அந்தக் கேள்வியை அதற்கு முந்திய இருபது ஆண்டுகள் வல்லரசுகளை நோக்கிக் கேட்டார்களா?

பிரிட்டனுக்கு 1946 முதல் இங்கே ஓர் இடம் தவறாமல் இருந்தது. எந்த ஏட்டிலே எழுதியிருந்தது? எதிலுமில்லை! இந்தத் தேர்தலில் வல்லரசுகளுக்கு வீட்டோ கிடையாது, பழக்கம்தான் பட்டயமாகிவிட்டது. அந்தப் பழக்கம் பெண்ணுக்கு இடம் தரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிலையான நீதிபதியாக முதற்பெண் — பிரிட்டனின் ரோசலின் ஹிகின்ஸ் — நுழைய 1995 ஆயிற்று. 2017இல் பிரிட்டனின் கிரீன்வுட்டும் இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் கடைசி இடத்துக்கு மோதினர். பாதுகாப்புச் சபை ஒன்பதுக்கு ஐந்தாகப் பிரிட்டன் பக்கம். பொதுப்பேரவையின் பெரும்பான்மையோ பண்டாரி பக்கம். சுற்றுச்சுற்றாக வாக்கெடுத்தும் பேரவை பணியவில்லை. நவம்பர் 20ஆம் நாள் பிரிட்டன் விலகிக்கொண்டது. பேரவையின் 193 வாக்குகளில் 183, சபையின் பதினைந்தும் பண்டாரிக்கு.

நம்மவர் வென்றார் என்று அன்று கைதட்டியவர்கள், 2022 மார்ச்சுத் திங்களையும் நினைவிற்கொள்ள வேண்டும். உக்ரைன் போரிலே ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் ஐ.நா. பேரவையில் வந்தபோது, இந்திய அரசு எப்பக்கமும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இரண்டு வாரம் கழித்து, படையெடுப்பை நிறுத்துக என்று உலக நீதிமன்றம் பதின்மூன்றுக்கு இரண்டாக ஆணையிட்டது. எதிர்த்த இருவரும் ரஷ்யரும் சீனரும். பதின்மூவரில் ஒருவர் பண்டாரி. மறு ஆண்டு நவம்பரில் அந்த ரஷ்ய நீதிபதி மீண்டும் தேர்தலுக்கு நின்று, ருமேனியரிடம் தோற்றார்.