பதிவேட்டில் ஒரு வரி

ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாள், இறைவனின் தாயாகிய மரியாளின் பெருவிழாவன்று, ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் புகழ்பெற்ற இசைவிழா ஒன்று நடைபெறுகின்றது. வியன்னா பில்ஹார்மோனிக் குழுவினர் ஸ்ட்ராஸ் குடும்பத்தாரின் வால்ட்ஸ் நடன இசையை இசைக்க, 90-க்கு மேற்பட்ட நாடுகளின் மக்கள் தொலைக்காட்சி வழியே கண்டு மகிழ்கின்றனர். அதே நாளில் இத்தாலியின் வெனிஸ் நகரிலும், லா பெனிச்சே அரங்கில், 2004 முதல் புத்தாண்டு இசைவிழா நடந்து வருகிறது. அங்கே வெர்டி போன்ற மேதைகளின் ஓப்பரா என்னும் இசைநாடகப் பாடல்களுக்கே முதலிடம்.

இவற்றிற்கும் ஒரு பங்கின் யூபிலி மலருக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டுமென்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. அத்தகைய ஏடுகளிலேதான் இவ்விரு இசைகளின் கதையும் பதிந்து கிடக்கின்றது.

முதலில் இத்தாலி. பார்மா பகுதியில் ரோன்கோலே என்னும் சிற்றூர். அங்குள்ள அதிதூதர் புனித மிக்கேல் ஆலயத்தில் 1813 அக்டோபர் 11-ஆம் நாள் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. பங்குக் குரு அதன் பெயரை இலத்தீனில் எழுதினார். அந்நாளில் அப்பகுதி நெப்போலியன் ஆட்சியில் இருந்தமையால், ஊராட்சி ஏட்டில் அதே பெயர் பிரெஞ்சில் எழுதப்பட்டது. அக்குழந்தையே ஜுசெப்பே வெர்டி. சிறுவனாயிருந்தபோதே அவ்வாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் அவர். 1842-இல் மிலான் நகரில் அரங்கேறிய அவரது 'நபுக்கோ' இசைநாடகம், பாபிலோனில் அடிமைப்பட்ட யூத மக்களின் துயரைப் பாடுகிறது. தாயகத்தை நினைந்து அவர்கள் பாடும் குழுப்பாடல் இன்றும் வெனிஸ் விழாவின் நிறைவில் ஒலிக்கிறது.

இனி வியன்னா. வால்ட்ஸ் என்பது மூன்று தட்டுக் கணக்கில் அமைந்த நடன இசை. நாட்டுப்புறத்தார் ஆடிய ஆட்டத்தினின்று வளர்ந்தது. அதனை உலகப் புகழ் பெறச் செய்தவர்கள் மூத்த யோகான் ஸ்ட்ராசும் (1804–1849) அவருடைய மகன் இளைய யோகான் ஸ்ட்ராசும் (1825–1899) ஆவர். 1866-இல் பிரஷ்யாவிடம் தோற்ற நாடு சோர்ந்திருந்த வேளையில், 1867-இல் மகன் அளித்த இசையே 'நீல டானியூப்'.

மூத்தவரின் பாட்டனார் யோகான் மிக்கேல் ஸ்ட்ராஸ், 1762-இல் வியன்னாவின் புனித முடியப்பர் பேராலயத்தில் திருமணம் செய்துகொண்டார். திருமுழுக்குப் பெற்ற யூதர் அவர் என்று பதிவேட்டில் குரு எழுதிவைத்தார். ஏறத்தாழ 175 ஆண்டுகள் அந்த வரி எவருக்கும் இடையூறாக இருக்கவில்லை.

1938-இல் ஹிட்லரின் நாசிப் படை ஆஸ்திரியாவைக் கைப்பற்றியது. பில்ஹார்மோனிக் குழுவிலிருந்த யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் சிலர் வதைமுகாம்களில் மாண்டனர். இதனிடையே 1939 டிசம்பர் 31-இல், இன்று புத்தாண்டு விழாவாக விளங்கும் அந்த ஸ்ட்ராஸ் இசைவிழா முதன்முதலாக நடைபெற்றது. அதன் வருவாய் நாசிக் கட்சியின் நிதிக்குச் சென்றது. ஆனால் ஸ்ட்ராசின் முன்னோரே யூதர் என்றால் என் செய்வது? செய்தி வெளிவராதபடி கோயபல்ஸ் தடுத்தார். 1941-இல் பதிவேடு பெர்லினுக்குக் கொண்டுபோகப்பட்டது. அந்த வரி இல்லாத போலிப் படி ஒன்று தயாராயிற்று. மூலத்துக்கு ஒத்தது என்று முத்திரையும் பெற்றுப் பேராலயத்துக்கு வந்து சேர்ந்தது. மூல ஏட்டை அரசு ஆவணக் காப்பகத்தில் மறைத்துவைத்தனர். போர் முடிந்தபின் உண்மை வெளிவந்தது.

இங்கே நாம் நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்க வேண்டியதும் உண்டு. தாம் யூதர் அல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்தில், அந்நாள்களில் இலட்சக்கணக்கானோர் பங்கு அலுவலகங்களில் சான்றிதழ் கேட்டு நின்றனர். கடவுளின் பிள்ளைகளை ஒன்றுசேர்க்க எழுதப்பட்ட ஏடு, மக்களைப் பிரித்தெடுக்கும் சல்லடையாயிற்று. புகழ்பெற்ற ஸ்ட்ராசுக்காக ஒரு வரியை மறைத்தார்கள். புகழற்ற ஏழைக்கோ அதே போன்ற ஒரு வரி உயிரையே பறித்தது. யூத குலத்தில் பிறந்தவர் நம் ஆண்டவர்; அவருடைய தாயும் திருத்தூதர்களும் அவ்வாறே. யூதப் பகைமையைக் கண்டித்து இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் பேசியது. அதற்குமுன் எத்தனை உயிர்கள் போய்விட்டன!

யூபிலி ஆண்டில் நம் பங்கின் பழைய ஏடுகளையும் புரட்டிப் பார்க்கிறோம். மை மங்கிய அவ்வரிகளில் நம் முன்னோர் இருக்கின்றனர். அவர்கள் எந்தக் குலத்தில் பிறந்தனர் என்று தேடுவது நமக்கு அழகன்று. எந்த நீரில் மறுபிறப்பு அடைந்தனர் என்பதே நமக்குச் சொத்து. குலத்தைக் காட்டி மனிதரைத் தள்ளிவைக்க எவரேனும் இந்த ஏட்டை நாடிவந்தால், அதைத் திறந்துகாட்ட மறுக்கும் துணிவை இறைவன் நமக்குத் தருவாராக. ஏடுகள் பொய்யின்றி இருக்கட்டும். நம் பந்தியில் எல்லார்க்கும் இடம் இருக்கட்டும்.