கரிம இரசாயன உயர்கல்வியும் மருந்தமைப்பும்

கரிமச் சேர்மங்களின் அமைப்பையும் அவை வினைபுரியும் முறைகளையும் நுணுகி ஆராய்ந்து, நோய்க்குக் காரணமான புரதத்தோடு பொருந்தவல்ல மூலக்கூற்றைத் திட்டமிட்டு ஆக்கும் வித்தையைப் பயிற்றுவிக்கும் பல்கலைக்கழகப் பாடத்துறை. வினைவழிமுறை, முப்பரிமாண அமைப்பியல், நிறமாலையியல், தொகுப்புமுறை ஆகியவை இதன் பிரதான அங்கங்கள்.

தமிழகத்தில் இத்துறைக்கு அஸ்திவாரமிட்டவர்களுள் சிரேஷ்டர் டி. ஆர். கோவிந்தாச்சாரி (1915–2001). சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இரசாயன அறிஞர் ராஜர் ஆடம்ஸிடம் ஆராய்ச்சி செய்து திரும்பி, தாம் பயின்ற கல்லூரியிலேயே பேராசிரியராகவும் முதல்வராகவும் விளங்கிய அவர், நஞ்சறுப்பான் கொடியிலுள்ள டைலோபோரின் என்னும் ஆல்கலாய்டின் அமைப்பைத் தெளிவுபடுத்தினார். 1960ஆம் ஆண்டுக்குரிய பட்நாகர் பரிசையும் பெற்றார்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மாப்பியா ஃபோயெட்டிடா மரத்தில் காம்ப்டோதெசின் என்னும் ஆல்கலாய்டு இருப்பதை 1972இல் அவர் சக ஆய்வாளர் விஸ்வநாதனுடன் வெளியிட்டார். 1966இல் வால், வானி முதலிய ஆய்வாளர்கள் சீன மரமொன்றிலிருந்து பிரித்தெடுத்த அப்பொருள் புற்றை ஒடுக்கவல்லதாயினும் நீரில் எளிதிற் கரையாமையால், கரைதிறன் தரும் பகுதிகளைச் சேர்த்து டோபோடீகன், இரினோடீகன் என்னும் மருந்துகள் ஆக்கப்பட்டன. டி.என்.ஏ. இழையின் முறுக்கைத் தளர்த்தும் டோபோஐசோமெரேஸ் நொதியின் தொழிலைக் குலைத்து இவை புற்றணுக்களை அழிக்கின்றன.

நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த நாகர்கோவிலில் 1893இல் கல்லூரி நிலையடைந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும், 1952இல் தோன்றிய தென்திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் இரசாயனக் கல்வியை வளர்த்து வருகின்றன. மூலிகை வளர் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலேயே அமைந்த இந்நாட்டில், நூற்பயிற்சியோடு மூலிகைகளின் இரசாயன ஆராய்ச்சியும் இணைந்தாலன்றி இக்கல்வி பூரணமாகாது.