அந்த மரமில்லை, தம்பி!

எழுபதுகளின் தொடக்கம். பீளமேட்டில் நம் விடுதியில் ஒரு மாணவரின் கைக்கடிகாரம் காணாமற் போயிற்று. அறை அறையாகப் பானையில் தண்ணீர் ஊற்ற வரும் மெஸ் பையன் மேல் எங்களுக்குச் சந்தேகம். நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு அதட்டினோம். "நான் எடுக்கலீங்ணா" என்று அழுதான். சத்தம் கேட்டு வந்த வார்டன், "யூ ஆர் பார்க்கிங் அப் தி ராங் ட்ரீ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன் நான். எனக்குத் தெரிந்த 'பார்க்கிங்' வண்டி நிறுத்துவது ஒன்றுதான். ஓடிப்போய் வேப்பமரத்தடியில் இருந்த என் சைக்கிளை எடுத்து ஷெட்டில் விட்டேன்! நண்பர்கள் பல நாள் சிரித்தார்கள்.

வார்டன் சொன்னது நாய் குரைப்பதை. 'தப்பான மரத்தைப் பார்த்துக் குரைக்கிறீர்கள்' என்று பொருள். இது அமெரிக்கக் காட்டில் பிறந்த வழக்கு. அங்கே ரக்கூன் என்றொரு பிராணி உண்டு. முகமூடி போட்டது போன்ற முகம், வளையம் வளையமாக வால். அதன் தோலுக்காக இரவில் நாய்களோடு வேட்டைக்குப் போவார்கள். துரத்தினால் ரக்கூன் மரமேறிவிடும். நாய் அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றி, வேட்டைக்காரர் வரும்வரை குரைக்கும். ஆனால் இருட்டில் அது கிளை வழியே அடுத்த மரத்துக்குத் தாவியிருந்தால்? நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், மேலே ஒன்றும் இராது. 1830களிலேயே இந்தத் தொடர் அமெரிக்காவில் அச்சேறிவிட்டது.

நம் பக்கத்தில் யானையைத் தொலைத்தவன் குடத்துக்குள் தேடினான் என்போம். அதில் தேடுகிறவன் முட்டாள். இங்கே நாய் முட்டாள் அல்ல. மோப்பம் சரி, மரம்தான் தப்பு.

இதற்கு நல்ல உதாரணம் ரொனால்டு ராஸ். மலேரியாவில் கொசுவுக்குப் பங்குண்டு என்று 1894இல் அவருக்கு எடுத்துச் சொன்னவர் லண்டனில் இருந்த பாட்ரிக் மான்சன். மோப்பம் சரிதான். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்பது மான்சனின் எண்ணம். ராஸ் அப்படிப்பட்ட தண்ணீரை ஆட்களுக்குக் கொடுத்தும் பார்த்தார். செகந்திராபாதில் 1895 முதல் அவர் அறுத்துப் பார்த்த கொசுக்களோ வேறு இனம். மலேரியாக் கிருமி வளராத இனம்! கொசு நூற்றுக்கணக்கில் போயிற்று, விடை கிடைக்கவில்லை. நடுவில் நமக்குப் பக்கத்து நீலகிரிக்கு வந்தார். ஊட்டியிலிருந்து மசினகுடிப் பக்கம் இறங்கும் சீகூர் மலைப்பாதையில் அவருக்கே மலேரியா கண்டது.

கடைசியில், சிறகில் புள்ளி போட்ட வேறொரு கொசுவை எடுத்தார். அதுதான் அனாபிலிஸ். 1897 ஆகஸ்டு 20 அன்று அதன் வயிற்றுச் சுவரில் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசு. கொசுவைக் கைவிடவில்லை, எந்தக் கொசு என்பதை மாற்றிக்கொண்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

மாணவத் தம்பி தங்கைகளே, ஆய்வுக்கூடத்தில் கணக்கு வராதபோது இதை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தை மாற்றிப் பாருங்கள், மோப்பத்தை விட்டுவிடாதீர்கள்.

அந்தக் கைக்கடிகாரத்தைச் சொல்லாமல் விட்டேனே. மூன்று வாரம் கழித்து, தொலைத்தவரின் டிரங்குப் பெட்டியிலேயே, அடியில் விரித்திருந்த பேப்பருக்குக் கீழே கிடைத்தது. அதற்குள் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். எந்த ஊர் என்றுகூட நாங்கள் கேட்டு வைத்திருக்கவில்லை.

நாய் தப்பு மரத்தில் குரைத்தால் மரத்துக்கு வலிக்காது. நாங்கள் குரைத்தது மரத்தைப் பார்த்து அல்ல.