கழுவாத குழலும் கொழுப்புத் தோட்டாவும்



உரம் அள்ளின இரும்புச் சட்டியைக் கழுவாமல் மோட்டார் கொட்டகையில் போட்டுவிட்டு வந்தால், நாலு நாள் கழித்து எப்படி இருக்கும்? துரு ஏறிப் பொரிந்து போயிருக்கும். அதன் மேல் எண்ணெயைத் தடவினால் சரியாகுமா? ஆகாது. உப்பு ஒட்டின இடத்துக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய். இந்தச் சின்ன விஷயத்தை மனசில் வச்சுக்குங்க. இன்றைக்குச் சொல்லப்போகிற சரித்திரம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை நம்மில் பல பேர் பார்த்திருப்போம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்திலேயே, பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கிக்கு உரிமம் தருவது பற்றிச் சொல்லியிருக்கிறது. இதில் போடுகிற கருமருந்து மூன்று சரக்கு சேர்ந்தது: வெடியுப்பு, கந்தகம், கரி.

வெடியுப்பு என்பது வேறொன்றுமில்லை, பொட்டாசியம் நைட்ரேட். இன்றைக்கு உரமாகவும் விற்கிறதே, அதேதான். கும்பினி ஆட்சிக் காலத்தில் இதற்குப் பேர்போன இடம் பீகார். மாட்டுக் கொட்டில் ஓரத்திலும் பழைய வீட்டுச் சுவரடியிலும் பூத்த உப்பு மண்ணைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து வடித்து, காய்ச்சி எடுப்பார்கள். நோனியா என்ற சமூகத்தாருக்கு இதுவே பரம்பரைத் தொழில். பாட்னா பக்கத்திலிருந்து கங்கை வழியாகக் கல்கத்தா போய், அங்கிருந்து கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போனது.

இந்த மருந்தில் ஒரு குறை உண்டு. வெடித்ததும் எல்லாம் புகைந்து காணாமல் போய்விடாது. எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு வெளியேறும், மீதி குழலுக்குள் கசடாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கசடில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள். அடுப்புச் சாம்பலில் இருக்கிற காரம்கூட அதில் உண்டு. போதாததற்கு, நெருப்புப் பற்றவைக்கிற செம்புக் கேப்பு வேறு பொட்டாசியம் குளோரைடை விட்டுவைக்கும். நாம் வயலுக்குப் போடுகிற பொட்டாஷ் உரம்தானே அது! இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் இரவு போதும், குழல் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

அதனால் அந்தக் காலச் சிப்பாய்க்குச் சுட்டு முடிந்ததும் வேலை முடியாது. முதலில் குழல் காலியா என்று பார்க்கணும். கெட்டிக்கிற இரும்புக் கம்பியை உள்ளே விட்டால் 'கணீர்' என்று சத்தம் வரணும். மந்தமாகக் கேட்டால் உள்ளே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். காலி என்று தெரிந்த பிறகு தண்ணீர் ஊற்றி, கம்பியில் துணி சுற்றிக் குழலைத் தேய்க்கணும். கறுப்புத் தண்ணீர் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை விடக்கூடாது. பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்து, கடைசியில் எண்ணெய். சட்டிக்குச் சொன்ன அதே முறைதான், பாருங்க.

ஆனால் சண்டை நடுவே கழுவ நேரம் ஏது? பத்து இருபது வெடிக்குள் கசடு கட்டி, குண்டு உள்ளே இறங்க மறுக்கும். குழலின் உட்புறம் வழவழப்பாக இருந்த பழைய துப்பாக்கியில் குண்டு தொளதொளவென்று இருந்ததால் ஓரளவு சமாளித்தார்கள். 1853-இல் இங்கிலாந்து ஏற்றுக்கொண்ட என்ஃபீல்டு துப்பாக்கி அப்படியில்லை. குழலுக்குள் முறுக்குத் தவாளிப்பு உண்டு. குழலின் துளை 0.577 அங்குலம், குண்டு அதைவிடக் கொஞ்சமே சிறியது. நெடுந்தூரம் குறி தவறாது. ஆனால் கசடு சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவினார்கள். கசடை இளக்கி, குண்டை வழுக்கி இறங்க வைக்க அது தேவைப்பட்டது.

அந்தத் தோட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்டுவதுதான் பயிற்சி முறை. 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் பேச்சு கிளம்பியது: 'தடவியிருப்பது பசுக்கொழுப்பாம், பன்றிக்கொழுப்பாம்!' இந்துவும் முஸ்லிமும் சேர்ந்து கொதித்தார்கள். 'உங்கள் கையாலேயே வேறு எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், பல்லுக்குப் பதில் கையால் கிழியுங்கள்' என்று பிறகு சொல்லிப் பார்த்தார்கள். எடுபடவில்லை. சம்பளத்திலும் மரியாதையிலும் நாட்டைப் பிடித்த விதத்திலும் ஏற்கெனவே மனக்கசப்பு மலைபோல் இருந்தது. நம்பிக்கை போன பிறகு விளக்கம் யார் காதில் ஏறும்?

மார்ச் 29-இல் பாரக்பூரில் மங்கள் பாண்டே எழுந்தார். ஏப்ரல் 24-இல் மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களைத் தோட்டாவை எடுக்கச் சொன்னபோது 85 பேர் மறுத்தார்கள். அன்று கொடுத்தது பழைய வகைத் தோட்டா! ஆனாலும் தொடவில்லை. மே 9-இல் எல்லாப் படையும் பார்க்க அவர்களுக்கு விலங்கு மாட்டினார்கள். மறுநாளே மீரட் எழுந்தது. அதற்கடுத்த நாள் டெல்லி. எத்தனையோ ஆயிரம் உயிர் போயிற்று. 1858-இல் கும்பினி ஆட்சியே முடிந்து, நாடு நேரே பிரிட்டிஷ் அரசியின் கைக்குப் போனது.

கொழுப்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அது காய்ந்த போரில் விழுந்த பொறி. ஆனாலும் யோசித்துப் பாருங்க. குழல் அடைக்காமல் இருக்க என்ன செய்யணும் என்று கணக்குப் போட்டவர்கள், அந்தத் தோட்டாவைப் பல்லில் கடிக்கப்போகிறவனிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. புது விதை, புது மருந்து, புது எந்திரம் எது ஊருக்குள் வந்தாலும், 'இது எதனால் ஆனது, எதற்காக' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கொண்டுவருகிறவருக்குப் பதில் சொல்லும் கடமையும் உண்டு.

உரம் போட்டுவிட்டு வந்தால் சட்டியைக் கழுவி வையுங்க. முதலில் தண்ணீர், அப்புறம் எண்ணெய்.