இழவு வீட்டில் பிறந்த நூல்

பழைய மருத்துவ நூலின் முகவுரை என்றால் தெய்வ வணக்கம் இருக்கும், குரு வணக்கம் இருக்கும், ஆதரித்த அரசனுக்கு நாலு நல்ல வார்த்தை இருக்கும். சீன மருத்துவத்தின் தலையாய நூல்களில் ஒன்றான ‘ஷாங்ஹான் லுன்’ நூலின் முகவுரையில் இருப்பது சாவுக் கணக்கு. என் குலத்தில் முன்பு இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள் என்கிறார் அதை எழுதிய ஜாங் ஜோங்ஜிங். கி.பி. 196-க்குப் பிறகு பத்து வருஷம்கூட ஆகவில்லை; அதற்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் போய்விட்டார்கள். செத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் கொண்டுபோனது ஷாங்ஹான், அதாவது குளிர் தாக்கி வரும் காய்ச்சல்.

ஹான் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம் அது. 184-ல் மஞ்சள் தலைப்பாகைக் கலகம். 190-ல் தலைநகர் லுவோயாங் எரிக்கப்பட்டது. படைகள் போன வழியெல்லாம் பஞ்சம், அதன் பின்னாலேயே கொள்ளைநோய். ஜாங்கின் ஊர் இன்றைய ஹெனான் மாகாணத்து நான்யாங் பக்கம். அவரைப் பற்றி நிச்சயமாகத் தெரிவது அநேகமாக அவ்வளவுதான். அந்தக் காலத்து அரசாங்க வரலாற்று நூல்களில் அவருக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. சாங்ஷா நகரத்து ஆளுநராக இருந்து கச்சேரியிலேயே உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார் என்பார்கள். பனியில் காது வெடித்த ஏழைகளுக்காகக் கறிப் பூரணம் வைத்த கொழுக்கட்டையை முதலில் செய்தவரே அவர்தான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் முகவுரையை மட்டும் நம்புகிறேன்.

அந்த முகவுரையில் துக்கத்தைவிடக் கோபம் அதிகம். படித்தவர்கள் பதவிக்கும் பணத்துக்கும் அலைகிறார்கள், உடம்புக்கு வந்ததும் பூசாரி காலில் விழுகிறார்கள் என்று முதல் அடி. அடுத்த அடி வைத்தியர்களுக்கு: குடும்பத்து முறையைத் தாண்டி எதையும் படிப்பதில்லை, கையில் நாடி பிடித்தால் காலில் பிடிப்பதில்லை, உட்கார்ந்த சூட்டிலேயே கஷாயம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அவர் பழைய நூல்களைத் தேடிப் படித்து, கிடைத்த மருந்து முறைகளையெல்லாம் திரட்டி, பதினாறு சுருள்களில் ஒரு நூல் எழுதினார். ‘குளிர் நோயும் பிற நோய்களும்’ பற்றிய நூல்.

அதற்கு முன்பு மருந்துக் குறிப்பு எப்படி இருந்தது என்பதற்கு நல்ல சாட்சி கிடைத்திருக்கிறது. சாங்ஷா அருகே மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையை 1973-ல் திறந்தபோது பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் வந்தன. நோயின் பெயர், அதற்கு மருந்து. நடுநடுவே மந்திரமும் உண்டு. ஜாங்கின் நூலில் மந்திரத்துக்கு இடமே இல்லை. காய்ச்சல் ஓரிடத்தில் நிற்காது, உடம்புக்குள் நகரும் என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. குளிர் நடுக்கமும் பிடரி வலியும் மேலெழுந்து துடிக்கும் நாடியும் இருந்தால் நோய் இன்னும் வெளிப்புறத்தில் இருக்கிறது. உடம்பு கொதித்து மலம் கட்டினால் உள்ளே இறங்கிவிட்டது. குளிரும் சூடும் மாறி மாறி வந்து வாய் கசந்தால் நடுவழியில் நிற்கிறது. கைகால் சில்லிட்டு நோயாளி சோர்ந்து கிடந்தால் நிலைமை மோசம். இப்படி ஆறு கட்டங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து. ஒரே காய்ச்சல்தான், நேற்று கொடுத்ததை இன்று கொடுக்கக் கூடாது.

முதலில் வரும் மருந்தையே பார்க்கலாம். லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்குச்சி, பியோனி வேர், இஞ்சி ஆகியவை மும்மூன்று பங்கு, அதிமதுரம் இரண்டு பங்கு, சீன இலந்தைப் பழம் பன்னிரண்டு. ஏழு அளவு தண்ணீர் விட்டு, சிறுதீயில் மூன்றாக வற்றவைக்க வேண்டும். ஓர் அளவு குடித்துச் சற்று நேரம் கழித்து, சுடச்சுட நீர்த்த அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டும், மருந்துக்குத் துணையாக. போர்த்திக்கொண்டு இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். உடம்பெல்லாம் லேசாக வியர்க்கலாம். தண்ணீராய் ஓடினால் நோய் போகாது. ஒரு வேளையிலேயே குணமானால் மீதி மருந்தைக் குடிக்காதே. வியர்க்கவில்லையென்றால் இன்னொரு வேளை. பச்சையாகவோ குளிர்ச்சியாகவோ எதையும் தின்னாதே; இறைச்சி, மது, நாற்றமெடுக்கும் பண்டம் ஆகாது. பத்தியம் சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு இதில் எதுவும் புதிதாகத் தோன்றாது. ஆனால் ‘குணமானதும் நிறுத்து’ என்று மருந்துச் சீட்டிலேயே எழுதிவைத்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நூலின் கணிசமான பகுதி, வேறு வைத்தியர் கெடுத்துவிட்ட நோயாளிகளைப் பற்றியது. பேதிக்குக் கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்துவிட்டார்கள், இப்போது நெஞ்சு அடைக்கிறது, என்ன செய்வது? அளவுக்கு மீறி வியர்க்க வைத்துவிட்டார்கள், படபடப்பு நிற்கவில்லை, என்ன செய்வது? அந்தக் குலத்தில் எத்தனை பேர் காய்ச்சலால் போனார்கள், எத்தனை பேர் மருந்தால் போனார்கள் என்று இதைப் படிக்கும்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

எழுதிய நூல் நிலைக்கவில்லை. போர்க்காலத்தில் சுருள்கள் சிதறின. மூன்றாம் நூற்றாண்டிலேயே அரண்மனை வைத்தியர் வாங் ஷுஹெ கிடைத்ததைச் சேகரித்து ஒழுங்கு செய்தார். அவர் கை எங்கே முடிகிறது, ஜாங்கின் கை எங்கே தொடங்குகிறது என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்ற பெரும் வைத்தியர், யாங்சி ஆற்றுக்குத் தெற்கே இருப்பவர்கள் ஜாங்கின் மருந்து முறைகளை ஒளித்துவைத்துக்கொண்டு வெளியே விடமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பியிருக்கிறார். தொழில் ரகசியம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

நூல் மறுபடி பிறந்தது சோங் அரசு காலத்தில். 1057-ல் மருத்துவ நூல்களைத் திருத்திப் பதிப்பிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் அமைத்தார்கள். லின் யி முதலான அறிஞர்கள் பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1065-ல் ‘ஷாங்ஹான் லுன்’ அச்சேறியது. பிற நோய்களைப் பற்றிய பகுதி, வாங் ஜு என்பவர் அரசு நூலகத்தில் பூச்சி அரித்த பழம் பிரதிகளுக்கு நடுவே கண்டெடுத்த சுருக்கம் ஒன்றிலிருந்து தனி நூலானது. பெரிய எழுத்துப் பதிப்பு விலை கூடுதலாக இருந்ததால் 1088-ல் சிறிய எழுத்தில் மலிவுப் பதிப்பு போட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த மலிவுப் பதிப்பைப் போட்ட குமாஸ்தாக்களுக்கும் இந்த நூலில் பங்கு உண்டு. அதன் மூலப் பிரதி இன்று இல்லை. அதைப் பார்த்து 1599-ல் ஜாவ் கைமெய் வெட்டிய மறுபதிப்பைத்தான் உலகம் படிக்கிறது.

நூலில் வரும் மருந்துகளில் ஒன்று மாஹுவாங் என்னும் எபெட்ரா செடி. வியர்க்காமல் காய்ந்து, உடம்பு வலித்து, மூச்சு இரைக்கும் காய்ச்சலுக்கு அது. 1885-ல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபெட்ரினைப் பிரித்தெடுத்தார். பிறகு அது ஆஸ்துமா மருந்தாக உலகம் சுற்றியது. தொண்டை வறண்டவர், மூக்கில் ரத்தம் வடிபவர், ரத்தம் இழந்தவர் இவர்களையெல்லாம் மருந்தால் வியர்க்க வைக்காதே என்று நூல் வரிசையாகத் தடை போடுகிறது. அமெரிக்கக் கம்பெனிகள் தடைகளை விட்டுவிட்டுச் செடியை மட்டும் எடுத்துக்கொண்டு, உடம்பு இளைக்கும் மாத்திரையாக விற்றன. மாரடைப்பும் பக்கவாதமும் வந்து ஆட்கள் செத்தார்கள். 2004-ல் அமெரிக்க அரசு அந்த மாத்திரைகளைத் தடை செய்தது. பாரம்பரியச் சீன மருத்துவர்கள் கொடுக்கும் மருந்துகளுக்கு அந்தத் தடை பொருந்தாது என்று ஆணையிலேயே விலக்கும் கொடுத்தது.